தொட்டிலை அவுக்கப் போனேன்

எத்தனை கொழந்தைங்கன்னு கேட்டீங்க. நானும் காதுல விழாத மாதிரி ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தா எந்த ஊரு, என்ன வேலை, எத்தனை கொழந்தைங்கன்னு கேக்கறது வழக்கந்தான். நானே எத்தனையோ பேரக் கேட்டிருக்கேனுங்க. நம்மளக் கேக்கும்போதுதான் அது எத்தன பெரிய கேள்வின்னு தெரியுது.

இல்லீங்க. இன்னும் இல்ல. இல்லைன்னு அடிச்சுச் சொல்லவும் இப்ப முடியல. அதாங்க வாயத் தொறக்கல.

அழுதிருக்கேனா? கண்ணு செவந்திருக்குதுங்களா? காத்துங்க, ஜன்னலோரம் பாருங்க. சரி, அழுதேன். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் அரச்சலூர்ல எறங்கிருவேன், நீங்க ஈரோட்டுக்குப் போயிருவீங்க, அப்பறம் நீங்க யாரோ நான் யாரோ. எங்கூட்டு ஆளுங்ககிட்டச் சொல்லத்தான் முடியாது.

கோயிலுக்குப் போய்ட்டு வரேனுங்க. வேம்படியாத்தா கோயிலு. நீங்க ஏறினதுக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னாடி. தெரியுங்களா? அங்க பெரிய வேப்ப மரம், கெளையெல்லாம் குட்டி குட்டியா மரத்தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருப்பாங்களே, அதேதான். வேண்டிக்கத்தானே போனேன்னு கேக்கறீங்க. எல்லாருமே அப்படித்தான் நெனப்பாங்க. நான் அவுக்கப் போனேனுங்க. ஆடி மாசம் நானே கட்டின தொட்டில அவுத்துட்டு வரலாம்னு போனேன்.

எனக்குக் கோயில் கொளத்துல எல்லாம் பெரிய நம்பிக்கை கெடையாதுங்க. அதையும் சொல்லிப்போடறேன். நம்பிக்கை இல்லாதவ லீவு போட்டுட்டு, வீட்டுல கடைக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு, ரெண்டு பஸ்சு மாறி எதுக்குப் போனன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. மொதல்ல இருந்து சொல்றேன்.

எனக்கு ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடைல வேலைங்க. மொதல் மாடி, கொழந்தைங்க துணி. பொறந்த கொழந்தைக்கு ஜபலாவுல இருந்து பட்டுப்பாவாடை வரைக்கும் நான்தான். கொழந்தையத் தூரத்துல பாத்தாலே அளவு சொல்லிருவேன். அடுத்த தீபாவளிக்கும் ஆகுமா, பத்தாமப் போயிருமான்னு சொல்லிருவேன். அம்மாக்காரிங்க அசந்து போயிருவாங்க. ஆனா போட்டுப் பாக்கறதுன்னா மட்டும் கூட வேலை செய்யற மேகலாவக் கூப்புட்டுருவேன். நான் தொட மாட்டேன். பெரிய கொழந்தைன்னாப் பரவால்ல. கழுத்து நிக்காத பச்சக் கொழந்தைய மேசை மேல படுக்க வெச்சாங்கன்னா எனக்குக் கையெல்லாம் வேர்த்துரும். "கோகிலவாணிக்கு ஒண்ணு பொறந்தாச் சரியாப் போயிரும்"னு மேகலா சிரிப்பா. நானும் சிரிப்பேன்.

பயங்க. வேற ஒண்ணுமில்ல. இந்தக் காலத்துப் புள்ளைங்க சொகம் பாக்குதுங்க, ஊரு சுத்தோணுங்குதுங்க, அழகு போயிருமுங்குதுங்கன்னு எங்கத்தை பக்கத்து வீட்டுல உக்காந்து பேசுவாங்க. எங்க மாமியாரச் சொல்றேன். கேட்டுக்கிட்டேதான் தண்ணி புடிப்பேன். நான் எந்த ஊருங்க சுத்தினேன்? காலைல நின்னா ராத்திரி வரைக்கும் நிக்கற வேலை. சொகமாம். பயம்னு சொன்னா மட்டும் என்ன சொல்லுவாங்க? "ஊர்ல எவளும் பெத்துக்கலியா"ம்பாங்க. என்ற பயம் பெத்துக்கறது இல்லீங்கக்கா. வலிய நெனச்சு இல்ல. அதுக்கப்பறம்.

எனக்கு ஒரு அக்கா. ரேணுகா. அவ மொதப் பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் பன்னெண்டாவது படிக்கறேன். நல்ல பிரசவம்தான். ஆம்பளப் புள்ளை. தொட்டில் கட்டி, பேரு வெச்சு, எல்லாம் ஆச்சு. அதுக்கப்பறம் அவ தூங்கவே இல்லீங்க. கொழந்தை தூங்கினாலும் இவ தூங்க மாட்டா. செவுத்தப் பாத்து உக்காந்திருப்பா. பால் குடுக்கச் சொன்னா, கொழந்தைய வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, குடுக்க மறந்து போயிருவா. ஒரு நாள் எங்கிட்ட மெதுவாக் கேட்டா, "கோகி, இது யாரு கொழந்தை, எதுக்கு எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கறாங்க"ன்னு. வெளையாட்டுக்குக் கேக்கறாளாக்கும்னு நெனச்சேன். மூஞ்சியப் பாத்தா வெளையாட்டு இல்ல.

அம்மா பூசாரியக் கூட்டிட்டு வந்து மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. காத்து பட்டுருச்சுன்னாங்க. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வாரேன், அம்மா கடைக்குப் போயிருக்கறாங்க போல. வாசல்ல யாருமில்ல. பொறகால வந்து பாத்தா, மாடு தண்ணி குடிக்கற தொட்டி இருக்கும் பாருங்க, சிமிட்டித் தொட்டி, அதோட வெளும்பு மேல கொழந்தை கெடக்குது. இவ பக்கத்துல கல்லு மேல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கறா. கொழந்தை காலு ஒதைக்குது. இந்தப் பக்கம் பொரண்டா மண்ணு, அந்தப் பக்கம் பொரண்டா தண்ணி.

புத்தகப் பைய எங்க போட்டேன்னு தெரியலீங்க. எடுத்துட்டேன். எடுத்துட்டுத் திரும்பிப் பாத்தா, அவ எங்கிட்டச் சொல்றா, "நல்ல வேளை நீ வந்த"ன்னு. அவ்வளவுதான். அழக்கூட இல்ல.

அப்பறம் ஈரோட்டுல டாக்டருகிட்டப் போயி மாத்திரை சாப்பிட்டுச் சரியாப் போச்சுங்க. நெசமாவே சரியாப் போச்சு. இது பிரசவம் ஆனவங்களுக்கு வர்ற நோவு, மறைக்க வேண்டியதில்லன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்களாம். எங்கம்மா வெளிய வந்ததும் மொத வேலையா என்ற கையப் புடிச்சு அவங்க தலை மேல வெச்சு சத்தியம் வாங்கினாங்க. யாருக்கும் தெரியக்கூடாது. பின்னால உனக்கு மாப்பிள்ளை பாக்கோணும், அந்தக் குடும்பத்துல பைத்தியம் இருக்குதுன்னு பேரு வந்துரும்னு. இன்னிக்கு வரைக்கும் எங்கூட்டுக்காரருக்குத் தெரியாதுங்க. மொத ஆளா உங்ககிட்டத்தான் சொல்றேன். யாருன்னே தெரியாத உங்ககிட்ட.

ரேணுகா இப்ப எப்படி இருக்கறாங்கறீங்க? ஜம்முன்னு இருக்கறா. ரெண்டு பசங்க. அந்தத் தொட்டி மேல கெடந்தவன் சைக்கிள் ஓட்டறான். அவளுக்கு அதெல்லாம் நெனப்பே இல்ல. போன்ல கூப்புட்டு, "எப்ப நல்ல சேதி சொல்லப் போற"ங்கறா. அவ கேக்கறா பாருங்க. அதோட விடறதில்ல. "உனக்குன்னு ஒண்ணு ஆனா அம்மா வீட்டுக்குப் போகாத, எங்கிட்ட வா. ராத்திரிக்கு நான் முழிச்சுக்கறேன், நீ தூங்கு"ங்கறா. பெரிய இவளாட்டம். ஒவ்வொரு தடவையும் இதையே சொல்றா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். வெச்சுருவேன் போன.

அவ தங்கச்சிதானுங்க நான். ஒரே ரத்தம். அவளுக்கு வந்தது எனக்கும் வந்தா? எனக்கு வரும்போது பள்ளிக்கூடம் விட்டு யாருங்க வருவா?

இதுதான் என்ற பயம். இத மனசுல வெச்சுக்கிட்டே கண்ணாலம் பண்ணி, மூணு வருசம் மாத்திரை, அது இதுன்னு தள்ளிட்டேன். எங்கூட்டுக்காரரு லோகநாதன், அரச்சலூர்ல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கறாரு. நல்ல மனுசனுங்க. கைல பிளேடு மாதிரி கம்பி ஏறினாலும் மூஞ்சி சுளிக்க மாட்டாரு. எதுக்கும் பயப்படாத ஆளு. அவருக்குக் கொழந்தைன்னா உசுரு. வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, எனக்குத் தெரியும். போன தை மாசம் அவரு சினேகிதர் கொழந்தைக்குக் காதுகுத்து. இவரு மடியில கொழந்தைய வெக்க வந்தாங்க. "வண்டி ரோட்டுல நிக்குது"ன்னு எந்திரிச்சுப் போனவருதான், சாப்பாட்டுக்குத்தான் வந்தாரு. மனசுல அவ்வளவு ஏக்கம் இருந்தா எப்படிங்க பக்கத்துல இருக்க முடியும்? ரேணுகா பசங்க வந்துட்டுப் போன மறுநாளு, வீட்டுல இருக்கற பிளக்குப் பாயின்ட்டுக்கெல்லாம் டேப்பு ஒட்டி வெச்சாரு. இல்லாத கொழந்தைக்கு இப்பவே ஒட்டறாரேன்னு நான் அடுப்படியில நின்னு அழுதேன்.

அதுக்கும் மேல ஒண்ணுங்க. இப்ப முடிஞ்ச தீபாவளிக் கூட்டம். மேகலா கீழ போயிருந்தா. ஒரு பாட்டியம்மா பச்சக் கொழந்தைய என்ற மேசை மேல படுக்க வெச்சு, "போட்டுக் காட்டு கண்ணு"ன்னுட்டுப் புட்டிய எடுக்கப் பைக்குள்ள தேடறாங்க. கொழந்தை காலு ஒதைக்குது. மேசை வெளும்பு. எனக்கு அந்தத் தொட்டிதானுங்க தெரியுது. அப்படியே நின்னுட்டேன். அப்பறம் மேகலா ஓடி வந்து எடுத்தா. நிமிந்து பாத்தா, நான் மறந்துட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கோட இவரு மாடிப்படியில நிக்கறாரு. மூஞ்சி சுண்டிப் போய்க் கெடக்குது. கொழந்தையத்தான் பாக்கறாரு, நம்மளால இந்த மனுசனுக்கு ஒண்ணு குடுக்க முடியலியேன்னு எனக்குத் தாங்கல. தூக்கப் படியிலயே வெச்சுட்டு எறங்கிப் போயிட்டாரு.

தொட்டில் கதைய விட்டுட்டேன் பாருங்க. ஆடியில எங்கத்தை எங்க ரெண்டு பேரையும் புடிச்ச புடியாக் கோயிலுக்கு இழுத்துட்டுப் போனாங்க. அங்க என்ன வழக்கம்னா, தொட்டில பூக்கடையில வாங்கி, பொம்பள தன்னோட கட்டுன சேலையில ஒரு துண்டு கிழிச்சுக் குடுக்கோணும். புருசன் அதுல முடிச்சுப் போட்டுக் கெளையில கட்டோணும். கொழந்தை பொறந்தப்பறம் அதைத் தூக்கிட்டு வந்து, அவங்களே அவுத்து ஆத்தா காலடியில வெக்கோணும். இடையில யாரும் அவுக்கக்கூடாது. எங்கத்தை கூரைப்பொடவைத் துண்டு வேணும்னாங்க. நான் கடை யூனிபார்ம் சேலையக் கிழிச்சுக் கொண்டு போயிருந்தேன். அரக்குல மஞ்சக்கோடு போட்டது. எங்கத்தைக்கு வந்துதே கோவம். "ஆத்தா என்ன கடைக்கு வேலைக்கு ஆளு கேட்டாளா"ன்னாங்க. நான் ஒரு கணக்குப் போட்டுத்தானுங்க செஞ்சேன். யூனிபார்ம் என்ற சேலை இல்ல, கடை சேலை. அப்ப வேண்டுதலும் என்றது ஆகாதுல்ல? நம்பிக்கை இல்லாதவ போட்ட கணக்கப் பாருங்க.

அவரு முடிச்சுப் போட்டாரு. காயில் கட்டற கை. அந்த முடிச்சு லேசுல அவுராது.

அப்பறம் மாத்திரைய நிறுத்தச் சொல்லி எங்கத்தை மருந்துக்கடைப் பையக் கூட விடாமப் பாத்தாங்க. நிறுத்தினேன். தீபாவளி வந்துச்சு. நாள் தள்ளிப் போச்சு. நின்னு நின்னு ஒடம்பு சூடுன்னு நெனச்சேன். தீபாவளி முடிஞ்சு கடையில கூட்டமெல்லாம் ஓஞ்சும் வரல. காங்கயத்துல, நம்மளத் தெரியாத ஒரு மெடிக்கல்ல, பாத்துத் தெரிஞ்சுக்கற அட்டைய வாங்கிப் பையில போட்டேன். இந்தப் பையிலதான் இருக்குது. இன்னும் பாக்கலீங்க. பாக்காத வரைக்கும் இல்லைன்னு ஒரு தைரியம். தொட்டில அவுத்துட்டா வந்தது திரும்பிப் போயிரும்னு ஒரு நெனப்பு. சிரிக்காதீங்க. அப்படித்தான் நெனச்சேன்.

கோயில்ல இன்னிக்கு யாருமே இல்ல. மரத்தச் சுத்திச் சுத்தி வந்து தேடறேன். மஞ்சத் துணி, பச்சத் துணி, சாயம் போன துணி. என்ற அரக்குத் துணியக் காணோம். எங்க கட்டினோம்னு எனக்கு நல்லாத் தெரியும், தாழ்ந்த கெளை, கோயில் மணிக்கு நேரா. அந்த எடம் வெறுமையாக் கெடக்குது. கெளையில கயிறு இறுக்கின தடம் மட்டும் இருக்குது.

அந்தக் கெளையத் தடவித் தடவிப் பாத்தேனுங்க. அவுக்கத்தான் போனேன், அவுந்து போச்சுன்னா நிம்மதியாத்தானே இருக்கோணும்? இல்ல. பயந்து போயிட்டேன். பூக்கடை ஆத்தாகிட்ட ஓடினேன். அவங்க கண்ணச் சுருக்கிப் பாத்துட்டு, "ஏஞ்சாமி, கடைச் சேலைத் துண்டுல கட்டினவதானே நீ? உன்ற வூட்டுக்காரன் போன வாரம் வந்து அவுத்துட்டுப் போனானே"ன்னாங்க.

யாரு, யாருன்னு நான் கேட்டுக்கிட்டே நிக்கறேன்.

"அதான், காயில் கட்டறவன்னு சொன்னானே. இடையில அவுக்கக்கூடாது சாமின்னு நானும் சொல்லிப் பாத்தேன். கத்தி குடுக்கறேன், அறுத்துட்டுப் போன்னா, அதுவும் வேண்டாம்னுட்டான். உக்காந்து ஒவ்வொரு முடிச்சா நகத்துலயே அவுத்தான். ஆத்தாகிட்டச் சொல்லிக்கிட்டே அவுத்தான்." என்ன சொன்னாருன்னு கேட்டேன். "கோவிச்சுக்காத தாயி, அவளுக்குப் பயமா இருக்குது, எனக்கும் பயமா இருக்குது, ரெண்டு பேருக்கும் தெளிஞ்சப்பறம் நாங்களே வந்து கட்டறோம்னான்"னாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்னைக் கேக்காம எப்படி அவுக்கலாம்? நான் கட்டின தொட்டிலு. என்ற சேலை. அப்ப இவருக்கு எங்கூடக் கொழந்தை வேண்டாமா? மூணு வருசமா இந்த மனுசன ஏங்க விடறேன்னு நான் செத்துச் செத்துப் பொழைக்கறேன், இவரு பாட்டுக்கு வந்து அவுத்துட்டுப் போயிருக்கறாரு. நீங்க எதுக்குங்க சிரிக்கறீங்க? ஆமாங்க, நானும் அதுக்குத்தான் போனேன். நான் போனது வேற.

சரி, வேற இல்ல.

பஸ்ஸுல ஏறி உக்காந்தப்பறந்தான் ஒண்ணொண்ணா ஒறைக்குது. அவளுக்குப் பயமா இருக்குதுன்னு சொன்னாராம். நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. எப்படித் தெரியும்? அன்னிக்கு மாடிப்படியில நின்னு அவரு பாத்தது கொழந்தைய இல்லீங்க. என்னையத்தான். கை வேர்த்து நின்ன என்னைய. அந்தப் பிளக்குக்கு ஒட்டின டேப்பு ஆசையில ஒட்டினது இல்ல. ரேணுகா சின்னவன் வெரல விடப் போனான், இவரு பாஞ்சு தூக்கினாரு, அன்னிக்கு முழுக்கச் சோறு எறங்கல. நான் அதை மறந்தே போயிட்டேன். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் தனித்தனியாப் பயந்துக்கிட்டு, ஒருத்தருக்காக ஒருத்தரு ஆசைப்படற மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்திருக்கறோம்.

இருங்கக்கா, போன் அடிக்குது. அவருதான்.

சொல்லுங்க மாமா. பஸ்ஸுல. இல்ல, கடைக்குப் போகல. மேகலா சொன்னாளா? கோயிலுக்கு. வேம்படியாத்தா கோயிலுக்கு. தனியாத்தான். அவுக்கலாம்னு போனேன்.

கேக்குதுங்களா? ஆமா. பூக்காரம்மா சொன்னாங்க. எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. நானுந்தான் சொல்லல. சரி, விடுங்க. எங்க வெச்சிருக்கறீங்க அதை? கடையிலயா? செம்புக்கம்பி டப்பாவுக்குள்ளயா? தூக்கிப் போட வேண்டியதுதானே. சரி, சரி, மனசு வரலீன்னா வேண்டாம்.

மாமா. நாள் தள்ளிப் போயிருக்குது.

இல்ல, இன்னும் பாக்கல. பையில இருக்குது. பயமா இருக்குது. ரொம்பப் பயமா இருக்குது. நீங்க எதுக்கு இப்ப அழுகறீங்க? கடையில ஆளு இருக்கறாங்களா? வெளிய வாங்க. ம். ம். பாக்கறப்ப நீங்களும் உள்ள வாங்க. மத்ததெல்லாம் பேசிக்கலாம். வேணும்னாலும் வேண்டாம்னாலும் பேசிக்கலாம். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லோணும் உங்ககிட்ட. ரேணுகாவப் பத்தி. போன்ல வேண்டாம். வந்து சொல்றேன். அம்மாவுக்குச் சத்தியம் பண்ணினது. இருந்தாலும் சொல்றேன். வெக்கறேன்.

கரண்டுன்னா எங்க தொடலாம், எங்க தொடக்கூடாதுன்னு தெரியும், கொழந்தைன்னா ஒண்ணுமே தெரியாதே கோகிங்கறாருங்க. இத்தன நாளு இத ஏஞ்சொல்லலன்னு கேக்க வாயெடுத்தேன். கேக்கல. நாம மட்டும் என்ன சொல்லிக் கிழிச்சோம்.

எனக்கு இப்ப ரேணுகா நெனப்பாவே இருக்குதுங்க. அன்னிக்கு வீட்டுல அத்தன பேரு இருந்தோம். பால் குடுத்தியான்னு கேட்டோம், குளிச்சியான்னு கேட்டோம். உனக்குப் பயமா இருக்குதான்னு ஒருத்தருங்கூடக் கேக்கல. நானுங்கூடக் கேக்கல.

இதா, அரச்சலூரு வந்துருச்சு. அந்த டீக்கடைக்குப் பக்கத்துல வண்டிய நிறுத்திட்டு நிக்கறாரு பாருங்க, அவருதான். காயிலுக்குப் பூசற வார்னிசக் கூடக் கைல தொடைக்காம வந்துட்டாரு. அதுக்குள்ள எப்படி வந்தாருன்னு தெரியல. இந்த வழியா வர்ற ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பாத்திருப்பாரு.

வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கப் போறோம். நான் கதவுக்கு வெளிய நின்னுக்கறேன்னு போன்ல சொன்னாரு. வெளிய எல்லாம் நிக்க வேண்டாம், உள்ள வாங்கன்னுட்டேன்.

எத்தனை கொழந்தைங்கன்னு கேட்டீங்கல்ல. தெரியலீங்கக்கா. எனக்குப் பயமா இருக்குது, அவருக்கும் பயமா இருக்குது. இப்பத்திக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியுது. கொஞ்சம் காலை ஒதுக்குங்க, எறங்கிக்கறேன். அந்தப் பையப் பாத்துக் குடுங்க.